தொலை அணுகல் மென்பொருள்: ஜொகூர்

வேறோர் இடத்திலுள்ள கணினியையோ அதில் இயங்கும் செயலியையோ கையிலுள்ள கருவியால் இயக்குவது தொலை அணுகல். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இதன் தேவை எல்லையோடு பிணைந்தது. ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெருந்திரளினர், 1924இல் முறைப்படித் திறக்கப்பட்ட கடற்பாலத்தை நாள்தோறும் கடக்கிறார்கள். 2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அந்தப் போக்குவரத்து நின்றது. 2022 ஏப்ரல் 1 அன்றுதான் தரைவழி எல்லை மீண்டும் பரவலாகத் திறந்தது.

இங்கே தூரம் பெரிய தடையல்ல. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்வதால், கோலாலம்பூர்வரை போய்த்திரும்பச் சில மில்லிநொடிகள் போதும். தாமதம் கைப்பேசி அலைவரிசையிலும் மென்பொருளின் நடைமுறையிலும்தான் சேர்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் பிறந்த விஎன்சி முறையில், கருவி கேட்டால் மட்டுமே வழங்கி, அதாவது தொலைவிலுள்ள கணினி, அடுத்த திரைப்படிமத்தை அனுப்பும்; இணைப்பு மெதுவானால் ஒவ்வொரு மாற்றமும் காத்துக்கிடக்கும். விசையைத் தொட்ட 100 மில்லிநொடிக்குள் திரை அசைந்தால்தான் மனிதருக்கு அது உடனடியாகத் தோன்றும்.

பாலத்தில் இன்னொரு சிக்கல். வீட்டு வைஃபையில் தொடங்கிய இணைப்பு பேருந்தில் மலேசிய அலைவரிசைக்கும், சற்று நேரத்தில் சிங்கப்பூர் அலைவரிசைக்கும் தாவுகிறது. கருவியின் இணைய முகவரி மாறினால், முகவரியோடு பிணைந்த டிசிபி இணைப்பு அறுந்துவிடும். மீண்டும் இணைக்காமல் செய்த வேலையைத் தொடர முடியாது. இதற்கு நல்ல விடையாக வந்தது 2012இல் எம்ஐடியில் கீத் வின்ஸ்டைனும், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் வெளியிட்ட மோஷ் என்ற தொலை அணுகல் மென்பொருள். அது முகவரியை நம்பாமல், மறைக்குறியீட்டுச் சாவியால் பயனரை அடையாளம் காண்கிறது. தட்டிய எழுத்தை வழங்கியின் பதிலுக்குக் காத்திராமல் முன்கூட்டியே கணித்துத் திரையில் காட்டவும் செய்கிறது. அமெரிக்க 3ஜி வலையில் அவர்கள் அளந்தபோது, வழக்கமான எஸ்எஸ்எச் முறையில் 503 மில்லிநொடியாக இருந்த இடைநிலைத் தாமதம் 5 மில்லிநொடிக்கும் கீழே இறங்கியது. 2021இல் தரப்படுத்தப்பட்ட குயிக் நெறிமுறையும் இணைப்புக்குத் தனி அடையாள எண் கொடுத்து, முகவரி மாறினாலும் தொடர வழிசெய்கிறது. எல்லை நகரத்துக்கு மென்பொருள் எழுதுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கருவிகளின் வேறுபாடு அடுத்தது. 2020இல் மலேசியக் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. இருந்தவர்களிடம் கைப்பேசியே மிகுதி. மேசைக்கணினித் திரையை அப்படியே சுருக்கி உள்ளங்கைக்கு அனுப்பினால் பொத்தான்கள் விரல் நுனியைவிடச் சிறுத்துப்போகின்றன. திரைக்கேற்ப வளையும் இணையப் பக்க வடிவமைப்பை ஈதன் மார்காட் 2010இல் முன்வைத்தார். தொலை அணுகலிலும் படிமத்துக்குப் பதில் தரவை அனுப்பிவிட்டு, பக்கத்தைக் கருவியே வரையும்படி விடுவது மேல். இதனால் தரவுச் செலவும் குறைகிறது. கணினிவழி வரைவு, படத்தொகுப்பு போன்ற கனமான செயலிகளுக்கு மட்டும் படிமம் அனுப்பும் முறை இன்றும் தேவைப்படுகிறது.

சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்த பிறகு, கூலாய் மாவட்டத்தின் செடெனாக் உள்ளிட்ட ஜொகூர்ப் பகுதிகளில் அவை பெருகின. வழங்கிகள் அருகில் வந்தாலும், கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட தாமதத்தை அவை குறைப்பதில்லை.