பந்தைக் கொடுத்தவன் பெயர்

நான் பிறந்த 1969 ஆம் ஆண்டில்தான் பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தினுள் மறைந்தது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோவிலின் இடிபாடுகள் தலைகாட்டும். பார்க்க வருவோர் கோவிலைப் பற்றிக் கேட்பர். அதற்குக் கல் சுமந்தவர்களைப் பற்றி எவரும் கேட்டு நான் அறியேன்.

எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் சமதரையான மைதானம் இல்லை. கூடைப்பந்தாட்டத்தை நான் முதன்முதலில் பார்த்தது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களிலேதான். அதைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவரான நண்பர் ஒருவர். கூடையை விட்டுவிட்டுப் பந்து யார் கையிலிருந்து வருகிறது என்று கவனிக்கும்படி அவர் சொல்வார்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் உருவாக்கிய ஆட்டம் இது. பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி வைத்தார். பந்தைக் கையில் பிடித்தபடி ஓடக் கூடாது என்பது அவற்றுள் முக்கியமான ஒன்று. ஓட முடியாதவன் இன்னொருவனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இந்த ஒரு விதியே தனிமனிதத் திறமையைக் கூட்டு முயற்சியாக மாற்றிவிட்டது.

1873 இல் தொடங்கிய மிக்கேல் கல்லூரியில் இவ்வாட்டம் வேரூன்றியதற்கு அமெரிக்க இயேசு சபைத் துறவிகளே பெருங் காரணம். அவர்களுள் ஒருவர் லூசியானாவில் பிறந்த வணபிதா யூஜின் ஹேபியர். அவர் இத்தீவுக்கு வந்தது 1948 இல். அதே ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டியரை நாடற்றவர்களாக்கிற்று. கடல் கடந்து வந்த ஒருவர் இம்மண்ணைத் தம்முடையதாக்கிக்கொண்டார். இம்மண்ணில் உழைத்தவர்கள் அந்நியராயினர். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

ஹேபியர் அடிகளார் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கற்பித்தார், கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அச்சமும் பழிவாங்கலும் நிறைந்திருந்த அந்நாட்களில், ஆகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய அடிகளார் வழியிலே காணாமற் போனார். அவருடன் சென்ற பெட்ராம் பிரான்சிஸும் காணாமற் போனார். இருவரும் திரும்பவேயில்லை.

நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை இந்த நினைவுதினச் செய்தி என் மேசைக்கு வந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. இரண்டு வரிகளைக் குறைக்க வேண்டியிருந்தது. நான் குறைத்தது பெட்ராம் பிரான்சிஸின் பெயரை. மறுநாள் நண்பர் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், போட்டவன்ட பேர எழுதியிரிக்காய். குடுத்தவன்ட பேர் எங்க?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கூடையில் பந்தை இட்டவனுக்குக் கரகோஷம் எழும். ஆயினும் இவ்வாட்டத்தின் புள்ளிவிபரத்தில், அப்பந்தைக் கொடுத்தவனுக்கும் தனியாக ஒரு நிரல் உண்டு. வரலாற்று ஏடுகளில் அந்த நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவருக்காகக் காடு வெட்டியவர்களில் ஒருவரது பெயரையேனும் சொல்லும்படி கேட்டால் ஆசிரியரும் மௌனமாவார். அந்த மௌனத்தைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. இரண்டு வரி இடத்துக்காக நானும் அதையே செய்தவன்.

அதன்பின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். எந்தச் செய்தி வந்தாலும், "உடன் இருந்தவர் யார்?" என்று நிருபரிடம் கேட்பேன். இளையவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. சில வேளைகளில் பெயர் கிடைக்காது. கிடைத்தால் அச்சிலேற்றாமல் விட்டதில்லை. ஒவ்வோர் ஆகஸ்ட் 15 இலும் என் நாட்குறிப்பில் இரு பெயர்களை எழுதுகிறேன். பெட்ராம் பிரான்சிஸின் பெயரை முதலில் எழுதுகிறேன்.