பின்னே வந்து முன்னதை மறைக்கும் விந்தை

தூணுக்குப் பின்னால் நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதில் வியப்பில்லை. ஆனால், ஒரு பொருளைக் காட்டி எடுத்துவிட்ட பிறகு வரும் மற்றொரு பொருள், போய்விட்ட பொருளை மறைக்க முடியுமா? முடியும் என்றால் நம்புவீர்களா?

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பாக்ஸ்ட் என்பவர், எழுத்துகளைக் கண நேரம் காட்டி, அடுத்து ஓர் ஒளியைப் பளிச்சிடச் செய்தார். ஒளி விரைந்து வந்தபோது சில எழுத்துகளையே படிக்க முடிந்தது. சற்றுத் தாமதித்து வந்தபோது கூடுதலாகப் படிக்க முடிந்தது. 1871-ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின. பார்ப்பதற்கும் நேரம் பிடிக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

பளிச்சிடும் ஒளி கண்ணைக் கூசச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1935-ஆம் ஆண்டில் ஹைன்ஸ் வெர்னர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. நாஜி ஆட்சியில் ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பதவியை இழந்து அமெரிக்கா சென்றவர் அவர். முதலில் ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினார். சிறிது இடைவெளி விட்டு, அவ்வட்டத்தின் விளிம்பை ஒட்டிச் சூழ்ந்திருக்கும்படி ஒரு வளையத்தைக் காட்டினார். வளையம் வட்டத்தின் மேல் விழவே இல்லை. ஆயினும் பார்த்தவர்களுக்கு வளையம் மட்டுமே தெரிந்தது, வட்டத்தைக் காணோம்! இடைவெளியை மிகக் குறைத்தாலும் வட்டம் தெரியும், மிகக் கூட்டினாலும் தெரியும். வரிசையை மாற்றி வளையத்தை முதலில் காட்டினால் அது மறைவதில்லை.

மறைந்த உருவம் மூளையை எட்டவே இல்லையா? 1962-ஆம் ஆண்டில் ஃபெரர், ராப் என்ற இருவர் இதைச் சோதித்தனர். ஓர் ஒளிச் சதுரத்தைக் காட்டி, பிறகு அதன் இருபுறமும் இரு சதுரங்களைக் காட்டினர். நடுச்சதுரம் மங்கி மறைந்தது. ஆனால் ஒளி வந்ததும் பொத்தானை அழுத்தும் வேகம் சற்றும் குறையவில்லை. 'காணாத' ஒன்றுக்குக் கை விடையளித்தது! என் கணிப்பில், இத்துறையின் மிகச் சுவையான சோதனை இதுவே.

2002-ஆம் ஆண்டில் லம்மே குழுவினர் குரங்குகளின் மூளையில் மின் குறிகளைப் பதிவு செய்தனர். பார்வைப் புறணியில் முதற்குறி வழக்கம்போல் எழுந்தது. உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் பிற்குறியே தடைபட்டது.

இந்த மறைப்பு அன்றாடம் உங்களுக்கும் நேர்கிறது. பார்வை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும்போது காட்சி கலங்கத்தான் செய்யும். நீங்கள் அதை உணர்வதில்லை. 1978-ஆம் ஆண்டில் கேம்பெல், வுர்ட்ஸ் ஆகியோர், விழி தாவும்போது மட்டும் அறையில் ஒளி இருக்கச் செய்தனர். கலங்கல் தெரிந்தது. விழி நின்ற பின்பும் ஒளியைச் சற்று நீடித்தனர். தெளிவான காட்சி வந்து, கலங்கலை மறைத்துவிட்டது.