உணரி வலையமைப்புகளில் வழித்தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

கம்பியில்லா உணரி வலையமைப்பு என்பது, வெப்பம், ஈரலிப்பு, அதிர்வு முதலியவற்றை அளந்து, அத்தரவுகளை வானொலி அலைகளின் மூலம் தலைமை நிலையமொன்றுக்குச் சேர்ப்பிக்கும் சிறு கருவிகளின் கூட்டமாகும். தரவு செல்லும் வழியைத் தெரிவதில் ‘சிக்கனம்’ எனக் கொள்ளப்பட்டது யாது என்னும் வினாவைப் பற்றிச் சென்றால் இத்துறையின் வரலாறு தெளிவாகும்.

1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் இயக்கிய அலோகா வலையமைப்பு, தீவுகளுக்கிடையே கணினித் தரவை வானொலி வழியாக அனுப்பலாமென நிறுவியது. 1973 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவுடன் தொடங்கிய ஆய்வு, ஒரு நிலையத்தின் செய்தியை மற்றொன்று ஏற்று அப்பால் அனுப்பும் முறையை வளர்த்தது. அக்காலத்தில் விரைவும் தவறாது சென்றடைதலுமே முதன்மை பெற்றன.

1990களின் இறுதியில் சின்னஞ்சிறு உணரிகள் தோன்றியபோது நிலைமை மாறிற்று. மின்கலத்தின் ஆயுளே அவற்றின் ஆயுளாயிற்று. ஆயிரம் பிற் அளவான செய்தியை 100 மீற்றர் தூரம் அனுப்பச் செலவாகும் சக்தியைக் கொண்டு ஏறத்தாழ 30 இலட்சம் கணினிக் கட்டளைகளை நிறைவேற்றலாமென 2000 இல் பொற்றி, கைசர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். எனவே செய்தி அனுப்புதலைக் குறைப்பதே சிக்கனமெனக் கொள்ளப்பட்டது.

அவ்வாண்டிலேயே மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் ‘லீச்’ என்னும் முறையை முன்வைத்தனர். எல்லா உணரிகளும் நேரடியாக அனுப்பின், நிலையத்துக்குத் தொலைவிலுள்ளவை முதலில் ஓயும். சக்தி குறைந்த வழியே ஒன்றுக்கொன்று கைமாற்றின், பிறவற்றின் சுமையையெல்லாம் தாங்கும் அண்மையிலுள்ளவை முதலில் ஓயும். ஆகவே அவர்கள் உணரிகளைக் குழுக்களாக வகுத்து, உறுப்புகளின் தரவைத் தொகுத்துச் சுருக்கி அனுப்பும் தலைமைப் பொறுப்பை அவற்றிடையே சுழற்சி முறையிற் பகிர்ந்தனர். ஆயினும், எந்த உணரியும் நிலையத்தை நேரே எட்டும் என்ற இம்முறையின் எடுகோள் பரந்த நிலப்பரப்புக்குப் பொருந்துவதன்று.

2002 இல் அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரைக்கப்பாலுள்ள கிரேற் டக் தீவில், மண்ணிற் பொந்தமைத்து வாழும் கடற்பறவைகளை ஆராய 32 உணரிகள் வைக்கப்பட்டன. மனித நடமாட்டம் பறவைகளைக் கலைக்குமாதலின், அடிக்கடி சென்று மின்கலம் மாற்றுதல் அங்கு தகாது. சக்திச் சிக்கனத்தின் அவசியத்தை இக்களம் உணர்த்திற்று.

2012 இல் வெளியான ஆர்.பி.எல். என்னும் இணைய நியமம், கிளைகளிலிருந்து வேருக்குச் செல்வதுபோலத் தரவை நிலையம் நோக்கிச் செலுத்துகின்றது. சிறந்த வழி எதுவென்பதற்குரிய அளவுகோலை அது தானே விதியாது, பயன்பாட்டுக்கேற்பத் தெரிந்துகொள்ள இடமளித்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. எச்சிக்கனமும் யாரோ ஒருவர் மீது சுமையை ஏற்றுகின்றது. அச்சுமை யார் மீது, எவ்வளவு காலம் என்பதைத் தீர்மானிப்பதே வழித்தெரிவாகும்.