உறவினர் விலக்கு: பிரவுன் தீர்ப்பில் பெற்றோரின் இடம்

வன்முறை வீடியோ கேம்களைச் சிறாருக்கு விற்பது பற்றிய விவாதங்களில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 ஜூன் 27 அன்று வழங்கிய பிரவுன் தீர்ப்பு முடிந்த முடிபாகவே எடுத்தாளப்படுகிறது. அரசா பெற்றோரா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பெற்றோர் என்று விடை சொன்னது, கலிஃபோர்னியாவின் தடைச்சட்டம் வீழ்ந்தது, பொறுப்பு வீட்டுக்குத் திரும்பியது என்பதே நிலைபெற்ற வாசிப்பு. தீர்ப்பைப் போற்றுவோரும் சாடுவோரும் இந்த வாசிப்பில் வேறுபடுவதில்லை. முன்னவர் அதை மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள், பின்னவர் வருத்தத்தோடு சொல்கிறார்கள்.

அந்த வாசிப்பைத் தீர்ப்பின் வாசகம் தாங்காது என்பது இக்கட்டுரையின் வாதம். நீதிபதி ஸ்கலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு பெற்றோருக்குப் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. பெற்றோருக்கு இடம் விட்டிருந்த சட்டத்தை, அந்த இடத்தையே ஓட்டையாகக் காட்டி அது வீழ்த்தியது. இதற்கான சான்று தீர்ப்பின் இரண்டு பத்திகளிலும், அவை குறிக்கும் சட்டப் பிரிவின் ஒற்றை வாக்கியத்திலும் இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தீர்ப்பின் சொற்கள் வழியாக அன்றி, சட்டத்திலேயே படித்துப் பார்த்தவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

2005இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 1746.1 பிரிவு மூன்று படிகளாக அமைந்தது. முதல் உட்பிரிவு, வன்முறைக் கேம் என முத்திரையிடப்பட்ட எதையும் பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்றது. மீறினால் ஆயிரம் டாலர் வரை தண்டம். இரண்டாவது உட்பிரிவு விற்பவருக்கு ஒரு தற்காப்பைத் தந்தது: வாங்குபவர் வயது வந்தவர் என்பதற்குச் சான்று கேட்டு, பார்த்து, நியாயமாக நம்பியிருந்தால் அவர் தப்பலாம். மூன்றாவது, சிறாரின் பெற்றோர், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தார், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோர் அவருக்கு விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ இப்பிரிவு பொருந்தாது என்றது. இதை இங்கே உறவினர் விலக்கு என்று குறிப்போம்.

இந்த விலக்கைப் பெரும்பான்மைத் தீர்ப்பு எப்படிப் புரிந்துகொண்டது? பெற்றோரில் ஒருவரோ, அத்தையோ மாமாவோகூட, சரி என்று சொல்லிவிட்டால் போதும். மனத்தைக் கெடுப்பதாகச் சட்டமன்றம் அஞ்சிய பொருள் பிள்ளையின் கைக்குப் போய்விடும் என்று ஸ்கலியா எழுதினார். உறவைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை, வாய்ச்சொல்லே போதும் போலிருக்கிறது என்றும் சேர்த்தார். கடுமையான சமூகச் சிக்கலை எதிர்கொள்ளும் முறை இதுவல்ல என்பது அவர் முடிவு. சட்டம் எட்ட வேண்டிய தூரத்தை எட்டவில்லை, அதாவது குறைவீச்சு உடையது என்ற குற்றச்சாட்டின் ஒரு முக்கியக் கால் இப்பத்தி. கேம்கள் பிற ஊடகங்களிலிருந்து தன்மையிலேயே வேறானவை என்று மற்ற நீதிபதிகள் எழுப்பிய வாதத்தைப் பொருளற்றதாக்க இதுவே போதும் என்றும் தீர்ப்பு கருதுகிறது.

ஆனால் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தனியே கடைக்கு வந்து, அத்தை சம்மதித்துவிட்டார் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் உட்பிரிவின்படி அவனுக்கு விற்பது மீறல். மூன்றாவது உட்பிரிவு கடைக்காரரைக் காப்பாற்றாது, ஏனெனில் அவர் அத்தை அல்லர். இரண்டாவதும் காப்பாற்றாது, அது வயதுக்கான சான்றைப் பற்றியது, உறவைப் பற்றியதோ சம்மதத்தைப் பற்றியதோ அன்று. பையனின் வாய்ச்சொல்லுக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. தாய் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வந்தால்? அவர் பதினெட்டைக் கடந்தவராக இருந்தால் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, வாங்கிக்கொண்டு போகலாம். உறவைச் சரிபார்க்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லாதது உண்மைதான். கடைக்காரர் உறவைப் பார்த்து விற்பதே இல்லை என்பதால் அதற்குத் தேவையும் எழவில்லை. அவர் பார்க்க வேண்டியது வயது ஒன்றை மட்டும்.

அப்படியானால் விலக்கின் வேலை என்ன? வீட்டுக்குள் நடக்கும் கைமாற்றத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துவது. கேமை அன்பளிப்பாகத் தருவது விற்பனை அன்று, எனவே அது ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே. மகனின் சேமிப்புக் காசை வாங்கிக்கொண்டு தந்தை கேமைக் கொடுத்தால் அது விற்பனையா என்ற ஐயம் எழலாம். மூன்றாவது உட்பிரிவு அந்த ஐயத்தைத் தீர்க்கிறது. ஆக, அது அனுமதிச் சீட்டு வழங்கும் பிரிவு அன்று. சட்டம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் குறிக்கும் எல்லைப் பிரிவு. கடைக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு பெரியவர் வர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றது. அந்தப் பெரியவர் என்ன முடிவு எடுக்கிறார் என்பதில் அது தலையிடவில்லை.

இதில் ஓட்டை இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த உறவும் இல்லாத ஒருவர் வாங்கி, காசு பெறாமல் பிள்ளையிடம் கொடுத்தால் சட்டம் அவரைத் தொடாது. ஆனால் அது நீதிமன்றம் சுட்டிய ஓட்டை அன்று. மாநில அரசே தன் வாதத்தில் பெற்றோரின் அனுமதி என்ற மொழியைப் பேசியதே என்று கேட்கலாம். பேசியது. ஆயினும் பெற்றோர் கடைக்குப் போய் வாங்கித் தருவது செயலால் தரும் அனுமதி, அத்தை சொன்னதாகப் பிள்ளை சொல்வது வேறு. 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வரவிருந்த சட்டம் 2005 டிசம்பரிலேயே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. ஒருநாளும் அமலுக்கு வரவில்லை. எனவே இந்த உட்பிரிவு நடைமுறையில் உரசிப் பார்க்கப்பட்டதே இல்லை. இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு அதன் இலக்கணம் தராத பொருளை ஏற்றும்போது கூடுதல் எச்சரிக்கை தேவைப்பட்டிருக்கும்.

இதைவிடக் கனமான சிக்கல், அதே உறவினர் தீர்ப்பில் இரண்டாம் முறை தோன்றும் இடத்தில் இருக்கிறது. கவலைப்படும் பெற்றோருக்கு உதவுவது என்ற நோக்கத்தை எடுத்துக்கொள்ளும்போது, சட்டம் மிகைவீச்சு உடையது என்கிறார் ஸ்கலியா. பெற்றோரும், அத்தை மாமாக்களும், இந்தக் கேம்களைத் தீங்கற்ற பொழுதுபோக்காகக் கருதும் வீடுகளின் இளையோருடைய உரிமையை அது பறிக்கிறதாம். முதல் பத்தியில் அத்தையின் சொல் எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறது. இரண்டாம் பத்தியில் அதே அத்தையின் இசைவு இருந்தும் பிள்ளை உரிமை இழந்து நிற்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. வாய்ச்சொல் போதும் என்றால், இசைவான அத்தை வாய்த்த பிள்ளைக்கு இழப்பு ஏதும் இல்லை, மிகைவீச்சு விழுகிறது. போதாது என்றால் உறவினர் விலக்கை வைத்துக் கட்டிய குறைவீச்சு விழுகிறது.

தீர்ப்பு இதற்கு ஒரு விடையை முன்கூட்டியே வைத்திருக்கிறது. நோக்கங்கள் இரண்டு, ஒன்றில் குறைவாக எட்டுவது மற்றொன்றில் மிகையாக எட்டுவதைச் சரிசெய்யாது என்பது அந்த விடை. நோக்கங்களைப் பற்றியவரை அது சரியே. ஆனால் இங்கே கேள்வி நோக்கத்தைப் பற்றியது அன்று. உறவினர் விரும்பினால் கேம் பிள்ளைக்கு எளிதில் கிடைக்குமா என்பது சட்டத்தின் இயக்கம் பற்றிய கேள்வி, அதற்கு விடை ஒன்றுதான் இருக்க முடியும். எந்த நோக்கத்தை முன்வைத்து அளந்தாலும் அளக்கப்படும் பொருள் மாறாது.

இவ்விடத்தில் 1968இன் கின்ஸ்பெர்க் தீர்ப்பை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பதினேழு வயது நிரம்பாதோருக்குப் பாலியல் இதழ்களை விற்கத் தடை விதித்த நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் அன்று ஏற்றது. ஏற்றதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, விரும்பும் பெற்றோர் அந்த இதழ்களைத் தம் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதை அச்சட்டம் தடுக்கவில்லை என்பது. 1968இல் சட்டத்தின் நிதானத்துக்கு அடையாளமாக இருந்த அதே அமைப்பு, 2011இல் சட்டத்தின் அலட்சியத்துக்கு அடையாளமாகிறது. பாலியல் படைப்பு சிறாரைப் பொறுத்தவரை பேச்சுரிமைக் காப்புக்கு வெளியே இருந்தது, வன்முறை அப்படி இல்லை, எனவே பிரவுன் வழக்கில் கடும் ஆய்வு என்ற கண்டிப்பான நீதிமன்ற அளவுகோல் தேவைப்பட்டது என்ற மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. ஆய்வின் கடுமை மாறியது உண்மை. ஆனால் கடும் ஆய்வு கேட்பது மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியை. பெற்றோரின் கையைக் கட்டாமல் விட்டது அந்த அளவுகோலில் சட்டத்துக்குச் சாதகமாகவே எண்ணப்பட வேண்டும். இந்த மறுப்பு, தீர்ப்பின் முடிவுக்கு வேண்டுமானால் துணை நிற்கும். உறவினர் விலக்கைப் பற்றிய பத்திக்குத் துணை நிற்காது.

பெற்றோர் வென்றனர் என்ற வாசிப்புக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. பெற்றோரின் அதிகாரத்தையே அடித்தளமாகக் கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்று இவ்வழக்கில் உண்டு. அது நீதிபதி தாமஸின் மாறுபட்ட தீர்ப்பு. அரசியலமைப்பை வகுத்த தலைமுறை பெற்றோருக்குப் பிள்ளைகள்மீது முழு அதிகாரம் உண்டென்று கருதியது, ஆகவே பெற்றோரைத் தாண்டிச் சிறாரிடம் பேசும் உரிமை எவருக்கும் இல்லை என்று வாதிட்டு, சட்டம் செல்லும் என்றார் அவர். பெரும்பான்மை இதற்கு அடிக்குறிப்பில் நேராகவே பதில் சொன்னது. பெற்றோரின் முன்னிசைவு இன்றி ஒரு சிறுவன் அரசியல் கூட்டத்துக்கோ தேவாலயத்துக்கோ போகக் கூடாது என்று சட்டம் இயற்றினால், அது பெற்றோரின் அதிகாரம் ஆகாது. பெற்றோர் மறுக்கக்கூடிய அரசின் அதிகாரமே ஆகும் என்பது அந்தப் பதில். வலுவான பதில்தான். ஆனால் அதன் மையத்தில் நிற்பது பெற்றோர் அல்லர், பேச்சுரிமை உடைய பிள்ளை. பெற்றோரின் அதிகாரத்தை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட நீதிபதி தோற்ற பக்கத்தில் இருக்கும் ஒரு வழக்கை, பெற்றோரின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

சட்டம் செல்லாது என்ற ஏழு நீதிபதிகளில் அலிட்டோவும் ராபர்ட்ஸும் சட்டத்தின் தெளிவின்மைக்காக மட்டுமே முடிவோடு உடன்பட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கேம்கள் உண்மையில் தீங்கு செய்கின்றனவா என்ற உளவியல் சர்ச்சை இந்த வாதத்துக்குத் தேவையில்லை. காட்டப்பட்ட ஆய்வுகள் காரணத் தொடர்பை நிறுவவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மேலே சொன்னதில் எதுவும் மாறாது.

பெற்றோரும் இல்லை, அரசும் இல்லை என்றால், தீர்ப்பு யாரை நம்பியது? கடையையும் தொழில்துறையையும். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சிறாரைக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்தபோது, பதினேழு வயது நிரம்பியோருக்கென மதிப்பிடப்பட்ட கேம்களை 2000இல் 85 விழுக்காட்டினரால் வாங்க முடிந்தது. 2009 அறிக்கையில் அது 20 விழுக்காடாகக் குறைந்திருந்தது. தன்னார்வ மதிப்பீட்டு முறை நன்றாக நடக்கிறது, எஞ்சிய சிறு இடைவெளியை நிரப்புவது அரசின் தவிர்க்கவொண்ணாத நலன் ஆகாது என்று தீர்ப்பு முடித்தது. அந்த முறையை நடத்தும் மதிப்பீட்டு வாரியம் எப்படிப் பிறந்தது என்று அது கேட்கவில்லை. மோர்ட்டல் காம்பேட், நைட் ட்ராப் ஆகிய கேம்களை முன்வைத்து 1993இல் செனட்டர்கள் லீபர்மனும் கோலும் நடத்திய விசாரணையில், தொழில்துறை தானே மதிப்பிடாவிட்டால் சட்டம் வரும் என்ற எச்சரிக்கை எழுந்தது. 1994இல் வாரியம் வந்தது. அரசின் கட்டுப்பாட்டுக்கு மாற்றாகக் காட்டப்படும் ஏற்பாடு, கட்டுப்பாட்டின் அச்சுறுத்தலால் உருவானது. முறை செயல்படுகிறதா என்று ஆள் அனுப்பி அளந்ததும் ஓர் அரசு அமைப்புதான்.

எனவே பெற்றோர் பொறுப்பு, அரசுக் கட்டுப்பாடு என்ற எதிர்நிலை பிரவுன் வழக்கிலிருந்து கிடைப்பதில்லை. தன் பிள்ளை எதை வாங்குகிறது என்பது பெற்றோருக்குத் தெரிய வருவதற்கே கடை ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அது தானாக நிற்பதா, அதைச் சட்டத்தால் நிற்க வைப்பதா என்பதுதான் வழக்கில் இருந்த உண்மையான பிணக்கு. ஜெர்மனி 2003இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இளையோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. வயதுக்குறி அங்கே விற்பவரைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. வீட்டில் பெற்றோர் எடுக்கும் முடிவில் தலையிடுவதில்லை. வடிவத்தில் இது கலிஃபோர்னியாவின் உறவினர் விலக்குக்கு நெருங்கிய உறவு. அங்கே இதை யாரும் ஓட்டை என்று நகைப்பதில்லை.

கேம்கள் கடையிலிருந்து தரவிறக்கத்துக்கு மாறிவிட்டதால் இது பழங்கதை என்று தள்ளுவோர் உண்டு. மாறாக, உறவினர் விலக்கைப் பற்றிய பிழை இப்போதுதான் விலை கேட்கிறது. சமூக ஊடகக் கணக்குக்குப் பெற்றோரின் இசைவைக் கட்டாயமாக்கிய ஆர்கன்சாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவை, ஸ்கலியா இல்லையென்று சுட்டிய அந்த இசைவு ஏற்பாட்டையே சட்டத்தின் உயிராக ஆக்கின. பின்பு பிரவுன் தீர்ப்பைக் காட்டியே அவை நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டன. இசைவைச் சரிபார்க்காவிட்டால் ஓட்டை, முன்கூட்டியே கேட்டால் அரசின் அதிகாரம். இந்த இரண்டுக்கும் நடுவில் 1746.1 பிரிவு கண்டிருந்த வழி, வாங்குபவரின் வயதை மட்டும் பார்த்து வீட்டுக்குள் நடப்பதை விட்டுவிடும் வழி, தீர்ப்பில் எடைபோடப்படவே இல்லை. அந்த வழி கடும் ஆய்வில் தேறியிருக்குமா என்பதை என்னால் அறுதியிட முடியாது. வன்முறைக்குத் தந்த வரையறையின் தெளிவின்மை ஒன்றே சட்டத்தை வீழ்த்தப் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் பிரவுன் தீர்ப்பைப் பெற்றோர் பொறுப்புக்கான சாசனமாக இனி எடுத்துக்காட்டுவோர், பெற்றோரிடம் முடிவை விட்டிருந்த ஒரே வாக்கியத்தை அத்தீர்ப்பு ஏன் சட்டத்தின் குறையாக எண்ணியது என்பதற்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும்.