பழைய பேரும் புதுப் பேரும்

நான் குடியிருப்பது கே.கே. நகரில். கலைஞர் கருணாநிதி நகர் என்பதன் சுருக்கம். அந்தக் கலைஞருக்குத் திருக்குவளையில் பெற்றோர் வைத்த பேர் தட்சிணாமூர்த்தி. நாவலர் நெடுஞ்செழியன் முதலில் நாராயணசாமி. பேராசிரியர் அன்பழகன் ராமையா. இவர்களுக்கெல்லாம் முன்னாடியே, 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலம் மறைமலையடிகள் ஆகிவிட்டார். யாரும் ஒளிந்துகொள்ளப் பேர் மாற்றவில்லை. இனிமேல் நான் எந்தப் பக்கம் என்று ஊருக்குச் சொல்லத்தான் மாற்றினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைய மாணவர்கள் இணையத்தில் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுப் பேரில் ஆரம்பிக்கிறார்கள். "எதையோ மறைக்கிறான் போல" என்கிறோம் நாம். ஏமாற்றுவதற்காக அப்படிச் செய்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம்ம ஊர் சரித்திரத்தில் வேறு காரணங்கள்தான் அதிகம்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஸ். ரங்கராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவி பேரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைத்தது ரங்கராஜன். கதை எழுதியது சுஜாதா. ஆள் ஒன்றுதான், வேலை இரண்டு.

அந்த ரா.கி.யும் லேசுப்பட்டவர் இல்லை. திகில் கதைக்குக் கிருஷ்ணகுமார், வேடிக்கை நாடகத்துக்கு ஹம்சா என்று ஒரே பத்திரிகையில் பல பேரில் எழுதினார். போன வார எதிர்பார்ப்பைச் சுமக்காமல் வாசகன் புதுசாகப் படிப்பான் இல்லையா?

மனசை உறுத்துவது பெருமாள்முருகன் கதை. 'மாதொருபாகன்' நாவல் 2010-இல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது நாலு வருஷம் கழித்து. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அதன் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், இனி அற்ப ஆசிரியனாகிய பெ. முருகன் மட்டுமே என்று முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திரும்ப எழுத வந்தார், அதே பழைய பேரில். அவருக்குப் புதுப் பேர் தேவைப்படவில்லை. பழைய பேரில் பயமில்லாமல் இருக்க முடிந்ததே போதும்.

என் கதையும் கொஞ்சம் உண்டு. முதல் வருஷம் கணக்கில் இரண்டு பேப்பர் போச்சு. அடுத்த செமஸ்டரிலேயே பாஸ் பண்ணிட்டேன். ஆனாலும் நாலு வருஷமும் ஹாஸ்டலில் என் பேர் 'அரியர்'தான். யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒருத்தருக்கும் அந்தப் பேர் தெரியாது. அன்னைக்கு வந்த நிம்மதி இருக்கே, அதை இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்லை.

மனுஷன் மாறிவிடுகிறான். ஊர் அவனைப் பழைய பேரிலேயே பிடித்து வைத்திருந்தால் அவன் வேறு பேர் தேடிப் போகத்தான் செய்வான்.

ஆகவே நண்பர்களே, சங்கமத்தில் பழைய பட்டப்பேரைச் சொல்லிக் கட்டிப்பிடிக்கும் முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். "இப்ப எப்படிடா இருக்கே?" என்று முதலில் கேளுங்கள். பட்டப்பேர் வேணும்னா அவனே எடுத்துக் கொடுப்பான்.