சாமக்கொடைக்கு வந்த சீவாளி

காவிரி, கொள்ளிடக் கரையோரம் வளரும் நாணல் வகை கொறுக்கை. முற்றிய தட்டையாகப் பார்த்து வெட்டி, மாதக்கணக்கில் காயப்போட்டு, துண்டு போட்டு, அவித்து, மறுபடி உலர்த்தி, பக்குவமாகச் சீவி, அடியில் நூல் சுற்றிக் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயில் ஏற்றினால் அது நாயனத்தின், அதாவது நாதசுரத்தின், சீவாளி. விரல் நீளம்கூட வராது. திருவாவடுதுறை வட்டாரத்தில் இந்த வேலையிலேயே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல நாயனம் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். சீவாளியோ வாசிக்க வாசிக்கத் தேய்ந்து தீர்ந்துவிடும். ஆனாலும் நாம் கேட்கிற குரல் அந்தப் புல்லில்தான் பிறக்கிறது.

மதுரை, ராஜபாளையம், வாசுதேவநல்லூர் தாண்டிப் தென்காசிப் பக்கத்துப் புளியங்குடிக்கு வந்து சேரும்போது சீவாளி காய்ந்த தட்டைதான். நாயனக்காரர் வாயில் ஒதுக்கி ஊறவைத்த பிறகே பேசத் தொடங்கும். ஊதிப் பார்ப்பார், எடுத்துக் கத்தியால் ஒரு இழை சீவுவார், மறுபடி ஊதுவார். குற்றாலத்தில் சாரல் விழும் ஆடி மாதத்தில் ஈரக்காற்று பட்டுச் சீவாளி நெகிழும். பங்குனி வெயிலில் விறைத்துக்கொள்ளும். நாயனத்தின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளும் ஊசியும் அலங்காரம் அல்ல. வாசிக்கிறவருக்கு அவைதான் தைரியம்.

இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளில் நையாண்டி மேளம் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. கச்சேரி வாசிக்கும் ராஜமேளக்காரர் சீவாளியின் கரகரப்பை உதட்டால் பதப்படுத்திக் குழைவாக்குவார். நையாண்டி மேளத்து நாயனக்காரர் அதை அப்படியே வெளியே விடுவார். பம்பையும் உறுமியும் தவிலும் சேர்ந்து அதிரும்போது அவற்றின் தலைக்கு மேல் ஏறி நிற்க வேண்டும். சாமியாடியின் கால் தரையில் நிற்காதபடி பிடித்து இழுக்க வேண்டும். அதைப் பயிற்சி இல்லாத வாசிப்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஏழு விரல்துளைகளுக்கு இடையே இருக்கும் சுரங்களை உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் துளையைப் பாதி மூடியும் பிடிக்கும் வித்தை இருவருக்கும் ஒன்றுதான். எதை மறைக்காமல் விடுவது என்பதில்தான் வேறுபாடு.

காருகுறிச்சி அருணாசலம் இந்த மண்ணின் ஆள். 1921-இல் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்குச் சமமாக அவர் நாயனம் ஆபேரி ராகத்தில் ஓடுவதை ஊரே அறியும். குருவின் தஞ்சாவூர்ப் பாணி முழுக்க அவரிடம் இருந்தது. ஆனால் மேல் ஸ்தாயியில் சுரம் முறுகும் இடத்தில் எனக்குக் கேட்பது கொடைக்களத்தின் காற்று. 1964-இல், இன்னும் எவ்வளவோ வாசித்திருக்க வேண்டிய வயதில், போய்விட்டார்.

சீவாளியைப் போலவே ஹார்மோனிகாவின் பித்தளை நாக்குக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. ஜெர்மனியின் டிரோசிங்கனில் 1857-இல் மத்தியாஸ் ஹோனர் பட்டறை தொடங்கினார். விலை மலிவு என்பதால் அவர் கருவி அமெரிக்கத் தெற்கின் கறுப்பினத் தொழிலாளிகளின் சட்டைப்பைக்கும் வந்தது. நேரான மெட்டுகளுக்காகச் செய்த அந்தக் கருவியில் அவர்கள் ஊதும் மூச்சைவிட உறிஞ்சும் மூச்சை நம்பினார்கள். தங்கள் நாக்கையும் தொண்டையையும் மாற்றிச் சுரத்தைக் கீழே வளைத்தார்கள். அதுதான் ப்ளூஸ் இசையின் அழுகை. ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டர் மைக்கையும் ஹார்மோனிகாவையும் ஒரே கைப்பிடிக்குள் பொத்தி, ஒலிபெருக்கியின் கரகரப்பையும் இசையாக்கினார். 1952-இல் வந்த அவருடைய 'ஜூக்' இசைத்தட்டைக் கேட்டால், நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகத் தோன்றாது. அங்கே பித்தளை, இங்கே புல். இரண்டையும் மனிதத் தொண்டையாக்குவது வாசிக்கிறவரின் வாய்.

நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை நேரம் சீவாளிக்குப் பெரிய சோதனை. மணிக்கணக்காக எச்சிலும் மூச்சும் பட்டு விளிம்பு தளர்ந்திருக்கும்; ஓங்கி ஊதும்போது கீறிவிடுவதும் உண்டு. பக்கத்து நாயனக்காரர் உடனே மெட்டைத் தாங்கிக்கொள்வார். வாசித்தவர் கீறிய சீவாளியை உருவி எறிந்துவிட்டு, தயாராக ஊறவைத்திருந்த அடுத்த சீவாளியைச் செருகி, விட்ட இடத்துக்கும் ஒரு சுரம் மேலே போய்ப் பிடிப்பார். அதைக் கேட்டதும் தவில்காரர் வேகத்தைக் கூட்டுவார்.