கணையாழியும் நிச்சய மோதிரமும்



நிச்சயதார்த்தத்திற்கு மோதிரம் தேர்ந்தெடுக்கும் நம் இளையோர் பலர் வைரத்தையே முதலில் நாடுகின்றனர். இது தொன்றுதொட்டு வந்த வழக்கமா? அன்று. 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் அளித்தார். அது அரச குடும்பத்துச் செய்தி. 1867க்குப் பின் தென்னாப்பிரிக்காவில் வைரம் பெருமளவில் கிடைத்தது. 1947இல் டி பியர்ஸ் நிறுவனத்திற்காக எழுதப்பட்ட ஒரு விளம்பர வாசகம், காதலையும் வைரத்தையும் பிரிக்க இயலாதவாறு பிணைத்துவிட்டது.

நம் இலக்கியம் அறிந்த மோதிரம் வேறு. அசோகவனத்தில் அனுமன் அளித்த கணையாழியில் இராமன் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததாக வான்மீகி கூறுகிறார். தூதனைச் சீதை நம்புவதற்கு அதுவே சான்றாயிற்று.

காப்பார் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் பரிசத்தில் வெற்றிலை பாக்கும் சேலையும் முதன்மை பெற்றன. பின்னர், 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணமும் திருமணப் பதிவும் விதியாயின. பதிவு நாளில் மோதிரம் மாற்றிக்கொள்வதும் நம்மிடையே வேரூன்றியது. தாலி கட்டியும் பதிவு செய்யாத பெண்கள், மனைவி என்னும் உரிமைக்காக நீதிமன்றப் படியேற நேர்ந்ததுண்டு.

ஆகவே, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா நகைக்கடைகளுக்குச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. 916 தங்கம் என்பது ஆயிரத்தில் 916 பங்கு பொன். அதுவே போதும், கல்லுக்காகக் கடன்பட வேண்டா. பதிவு நாளை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு, மோதிரத்தின் உட்புறத்தில் இருவர் பெயரையும் அந்நாளையும் பொறித்துக்கொள்ளுங்கள்.